விக்ரமை எடை போட்டது போதும்

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வலை சரிபார்க்கிற இடங்களில் சினிமாப் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. 17-ஆம் தேதி விக்ரம் பிறந்தநாள் என்பதால் பேச்சு அவரிடம் வந்து நிற்கும். ‘ஐ’ படத்துக்கு எவ்வளவு இளைத்தார், ‘சேது’வுக்கு எப்படி மொட்டை போட்டார் என்று ஆரம்பித்தால், அதிலேயே முடிந்துவிடும். ஒரு பெரிய நடிகனை எடை மெஷினில் ஏற்றியே பாராட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பரமக்குடி என்றதும் நம் ஆட்களுக்குக் கமல்ஹாசன்தான். சரி, நியாயமான பெருமை. விக்ரமின் அப்பாவும் அதே ஊர்க்காரர்தான். ஜான் விக்டர். சினிமா ஆசையில் வீட்டைவிட்டு ஓடிப்போய் வினோத் ராஜ் ஆனவர். கடைசிவரை கிடைத்ததெல்லாம் சின்னச் சின்ன வேடங்கள். ‘கில்லி’யில் த்ரிஷாவுக்கு அப்பாவாக வருவாரே, அவர்தான்.

மகனுக்கு வைத்த பெயர் கென்னடி. அறுபதுகளில் பிறந்த கென்னடிகளை எங்கள் கடற்கரை ஊர்களில் இன்றும் பார்க்கலாம். இந்தக் கென்னடிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. சினிமாவுக்காக விக்ரம் என்று அவரே கோத்துக்கொண்டார். அப்பா வினோத்தின் ‘வி’, கென்னடியின் ‘க்’, அம்மா ராஜேஸ்வரியின் ‘ரா’, அப்புறம் மேஷ ராசிக்காரர் என்பதால் ஆட்டுக்கிடாயை ஆங்கிலத்தில் சொல்லும் ‘ராம்’. திரையில் பெரிய பெயர் எடுக்க முடியாமல் போன அப்பாவின் எழுத்து, மகனின் பெயரில் முதலில் நிற்கிறது. அதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

1990-ல் ‘என் காதல் கண்மணி’. பிறகு ‘மீரா’, ‘புதிய மன்னர்கள்’. எதுவும் தூக்கிவிடவில்லை. அந்த வருடங்களில் அவருக்குக் கைகொடுத்தது குரல். ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியது இவர்தான். இன்னொருவர் உதட்டுக்கும் மூச்சுக்கும் அளவெடுத்துப் பேசுவது லேசுப்பட்ட வேலையா? பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பயிற்சிதான் அஸ்திவாரம் என்று அடித்துச் சொல்வேன்.

1999-ல் ‘சேது’ வந்தது, நிலைமை மாறியது. 2003-ல் ‘சாமி’யில் போலீஸாக அதிர அதிரப் பேசியவர், அதே வருடம் ‘பிதாமகன்’ படத்தில் சுடுகாட்டு வெட்டியானாகப் பேச்சே இல்லாமல் வந்தார். அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல், அவ்வளவுதான். தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது.

‘அந்நியன்’ விசாரணைக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனில் கேளுங்கள். ஒரே ஆளுக்குள் அப்பாவி அம்பியும் ஆவேசமான அந்நியனும் இருக்கிற கதை அது. பிரகாஷ்ராஜ் முன்னால் அம்பி கெஞ்சிக்கொண்டிருப்பான். அடுத்த நொடி தொண்டை தடித்து அந்நியன் பேசுவான். மறுபடி அம்பி. முடியைக் கலைத்துப்போட்டதும் முகத்தைக் கோணியதும் தெரியாமலேயே அங்கே இரண்டு ஆள் இருப்பது காதுக்குப் புரிந்துவிடும்.

இப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு ‘கோப்ரா’வில் வேஷத்துக்கு மேல் வேஷம் போட வைத்தார்களே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. இயக்குநர்களுக்கு ஒரே வேண்டுகோள்தான். அடுத்த கதையில் அவர் இளைக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். அவர் அப்பா பேசி வளர்ந்த இந்த ராமநாதபுரத்துப் பேச்சை ஒரு படம் முழுக்க அவரைப் பேச வையுங்கள். தொண்டிக்கோ மூக்கையூருக்கோ வந்து நம் ஆட்களோடு நாலு நாள் உட்கார்ந்தால் போதும், அவர் பிடித்துவிடுவார்.