துபாசி என்றால் தரகன் மட்டும்தானா?

துபாசிகளைப் பற்றி, அதாவது ஐரோப்பியருக்கும் உள்ளூராருக்கும் இடையில் மொழிபெயர்த்துப் பேசிய இருமொழிக்காரரைப் பற்றி, ஒரு கட்டுரை வாசித்தேன். அவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரனுக்குக் கையாளாக நின்று காசு பார்த்தவர்கள் என்ற தொனியில் அது போகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையை வைத்தே முழுக்கதையும் சொல்லியாகிவிட்டது. (அவர் 1736இலிருந்து எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்தைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.)

யாழ்ப்பாணப் பக்கமும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். எங்கட சொத்துரிமை வழக்கங்களைச் சொல்லும் தேசவழமைச் சட்டமே இருமொழிக்காரரின் கைபட்டு வந்ததுதான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் திசாவையாக, அதாவது மாவட்ட நிர்வாகியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்கத்தைய வழக்கங்களை டச்சு மொழியில் தொகுத்தார். அதை ஜான் பைரஸ் தமிழாக்க, முதலியார் பதவியில் இருந்த உள்ளூர்த் தலைவர்கள் பன்னிரண்டு பேர் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். இது 1707இல். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலுக் கொடுத்தார்கள். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்த சொத்து) மூன்றுக்கும் ஈடான சொல் தேடி மினக்கெடாமல், அந்தத் தமிழ்ச் சொற்களையே டச்சுக்காரர் வாய்க்கு வந்தபடி எழுதி வைத்தது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகப் படுகிறது. பெயர்த்திருந்தால் காணி வழக்குகள் இன்னும் இழுபட்டிருக்கும்.

இப்பவும் எங்கட நீதிமன்றத்தில் சிங்களம் மட்டும் தெரிந்த சாட்சி கூண்டில் ஏறினால் பக்கத்தில் உரைபெயர்ப்பாளர் வேண்டும். "மாமா" என்று ஒருவர் சொன்னால் தாயின் சகோதரனா, மனைவியின் தகப்பனா என்று அந்த உரைபெயர்ப்பாளர் கேட்டுத் தெளிய வேண்டும். உரித்து வழக்கில் அது சின்ன விஷயமில்லை. அந்த வேலையைத் தரகு என்று எழுதுவது அநியாயம்.