முதல் அத்தியாயத்துக்குப் புள்ளி போடுவது

சொந்தமாக வெளியிடப்பட்ட அறிவியல் புனைகதை நாவல்களின் முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துப் புள்ளி போடும் வேலையை, மட்டக்களப்பில் நண்பர்கள் சிலராகச் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். "ஒரு அத்தியாயத்தை வைத்து முழு நாவலையும் எப்படித் தீர்மானிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். வாசகர் அப்படித்தானே தீர்மானிக்கிறார். கிண்டிலில் மாதிரிப் பக்கங்களைப் புரட்டுகிறவருக்கு அவை பிடிக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹியூ ஹோவி 2021இல் தொடங்கிய ஆங்கிலப் போட்டியில் 300 சுயவெளியீட்டு நாவல்களைப் பத்துக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு 30 நாவல். தொடக்கத்தைப் பார்த்துக் கழிக்காமல் அதைச் செய்து முடிக்கவே முடியாது.

சரி, எதற்குப் புள்ளி?

எதிர்காலம் ஒரு மனிதரின் அன்றாடத்தில் எங்கே கைவைக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "கி.பி. 2300" என்றுதான் தொடங்குகின்றன. பிறகு உலகப்போர், புதிய அரசாங்கம், விண்கலத்தின் எரிபொருள் என்று பக்கம் பக்கமாக விளக்கம். கதாநாயகன் கண் விழிப்பதற்குள் எனக்கு அலுத்துவிடுகிறது. அந்த வரலாறு எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் அதை எனக்கு ஒப்புவிக்கத் தேவையில்லை.

ஒரு நாவல் இப்படித் தொடங்கியது: குருமண்வெளியில் ஒரு கிழவி மண்டூர்ப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறுகிறாள். தன் போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிக் கொடுக்கிறாள். பாதைக்காரன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு விரக்கட ஊத்துங்க ஆச்சி" என்கிறான். அவ்வளவுதான். சுற்றிவர வாவி கிடக்க, குடிநீர் காசாகிவிட்டது. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

இன்னொன்றில் செவ்வாயில் இருக்கும் மகன் கல்லடியில் இருக்கும் தாயோடு தொலைபேசியில் சண்டை பிடிக்கிறான். சொல்லுக்குச் சொல் உடனே பதில். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு சமிக்ஞை போய்ச்சேரவே, கோள்களின் தூரத்தைப் பொறுத்து, மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். இதை அறிவியல் பிழை என்று மட்டும் நான் குறிக்கவில்லை. எழுதியவர் கையிலிருந்த நல்ல கதை நழுவிப்போனதுதான் எனக்குக் கவலை. அவன் கோபத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது, இருபது நிமிடத்துக்கு முன் அம்மா கேட்ட "சாப்பிட்டியா மனே?" வந்து விழுந்திருந்தால்? அந்தத் தாமதமே அத்தியாயத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும். அறிவியல் சரியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதற்காகத்தான்.

எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைப்பதில் எங்களுக்குள் இன்னும் இழுபறி. இந்தக் கட்டத்தில் குறைக்கக்கூடாது என்பது என் கட்சி. காசு கொடுத்துப் பிழைதிருத்த எல்லோருக்கும் வசதியில்லை. பிழையை யாரும் பிறகு திருத்தித் தரலாம், பாதையில் ஏறும் கிழவியை யாரும் எழுதித் தர முடியாது.

எங்கள் வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதி, சிறப்புப்பிரதி, வாழ்த்துரை எல்லாம் உண்டு. எந்தப் பக்கத்தில் வாசகர் புத்தகத்தை மூடிவைத்தார் என்பதை மட்டும் யாரும் எழுத்தாளருக்குச் சொல்வதில்லை. ஆகவே நான் நிறுத்திய வரியையும் காரணத்தையும் ஒவ்வொருவருக்கும் எழுதி அனுப்புகிறேன். வாசித்துவிட்டுக் கோபம் வந்தால் என்னோடு வாதாடுங்கள் தம்பி, தங்கச்சிமாரே. திருத்தி மறுபடி அனுப்பினால் மறுபடி வாசிப்பேன்.