தடத்துக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறவர்களுக்கு

சனிக்கிழமை நாம் கூடியபோது ஒரு தம்பிக்குக் கிடைத்த பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும், இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம், ஆஃப்ரோடு, அதாவது தார்ச்சாலையை விட்டு மண், பாறைத் தடங்களில் வண்டி ஓட்டத் தோதான ஊருக்குக் குடிபோக நினைக்கிறேன், எது நல்லது என்று ஒருவன் அக்கறையாகக் கேட்கிறான். ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் "மோவாப்" என்கிறார்கள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஊர் அது. "அந்த நிலம் யாருடையது என்று பார்த்தாயா தம்பி?" என்று நான் கேட்டதற்குச் சிரிப்பு. "அண்ணா ஆரம்பிச்சிட்டார்" என்று ஒரு பேச்சு வேறு.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். நான் அதையேதான் மறுபடியும் கேட்கிறேன். நிலம் யாருடையது? தடம் எந்தச் சட்டத்தின்படி வண்டிகளுக்குத் திறந்திருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இல்லாமல் யாரும் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

மோவாப்பைக் குறை சொல்லவில்லை. அந்த மணற்பாறையில் ரப்பர் பிடிக்கிற பிடி வேறு பாறைகளில் லேசில் கிடைக்காது. ஆனால் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை கையில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மோவாப்பை அடுத்த லாபிரிந்த் ரிம்ஸ், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதிக்கு வந்த ஒரே முடிவில் 317 மைல் தடங்களை மோட்டார் வண்டிகளுக்கு மூடினார்கள். கிலோமீட்டரில் ஐந்நூறுக்கு மேல். அதற்காகவே அங்கே குடிபோனவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பாறை இடம் மாறவில்லை. ஓட்டும் உரிமைதான் போனது.

இன்னும் தெளிவான உதாரணம் வேண்டுமா? வட கரோலினாவின் டெலிகோ தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்டஹாலா தேசியக் காட்டுக்குள் இருந்தவை. தடத்திலிருந்து அடித்துப்போன சேறு டிரவுட் மீன்கள் வாழும் ஓடையில் சேர்கிறது என்பது புகார். 2009இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அதே 2009இல் கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்தின் மேலும் கிட்டத்தட்ட அதே புகார். மண் அரித்து நீரில் சேர்கிறது, சுத்தம் செய்யுங்கள் என்று வட்டார நீர்த்தர வாரியம் உத்தரவு போட்டது. ரூபிகான் இன்றும் திறந்திருக்கிறது. என்ன வித்தியாசம்? ரூபிகானை 1887லேயே எல் டொராடோ மாவட்டம் பொதுச் சாலையாக அறிவித்திருந்தது. பொதுச் சாலை என்பதால், மூடிவிட்டுப் போவதைவிடப் பழுதுபார்ப்பதுதான் மாவட்டத்துக்கு வழியாக இருந்தது. மண் அரிப்பைத் தடுத்தார்கள், பாலம் போட்டார்கள், தன்னார்வலர்கள் வந்து கல் சுமந்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே மாதிரிப் புகார். 122 வருடத்துக்கு முந்தைய ஒரு காகிதம் ஒரு தடத்தைக் காப்பாற்றியது. அந்தக் காகிதத்தைத் தேடச் சொன்னதற்குத்தான் சனிக்கிழமை அத்தனை சிரிப்பு.

எப்படித் தேடுவது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்க வனத்துறை நிலம் என்றால் அந்தக் காட்டின் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை எடுங்கள். 2005இல் வந்த விதிப்படி, அந்த வரைபடத்தில் இல்லாத பாதை மூடிய பாதை. வாசலில் கேட் இருக்காது, பலகையும் இருக்காது, நூறு வண்டி போன டயர் அச்சு பளிச்சென்று தெரியும். இருந்தாலும் மூடியதுதான், பிடித்தால் அபராதம்தான். பிறகு அந்த அலுவலகத்தின் தளத்தில் "பயணத் திட்டம்" என்ற பெயரில் மறுஆய்வு ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால், முடிவு வரும்வரை அந்தப் பகுதியில் வீடு வாங்காதீர்கள். இங்கிலாந்து என்றால் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வைத்திருக்கும் அதிகாரப்பூர்வப் பாதை வரைபடத்தைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம், பதிவாகாத பழம்பாதைகள் பலவற்றில் மோட்டார் உரிமையை ஒரேயடியாக நீக்கிவிட்டது. பிரான்சில் 1991 முதல் பொதுப் பாதையை விட்டு இயற்கை நிலத்தில் வண்டி இறக்கக் கூடாது. ஐஸ்லாந்தில் ஆளுயர டயர் போட்ட வண்டிகளைப் படத்தில் பார்த்து மயங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே பாதையை விட்டு இறங்கி ஓட்டுவது குற்றம். நிலம் உறைந்து பனி மூடியிருக்கும்போது மட்டும் விலக்கு உண்டு.

தனியார் நிலம் இன்னும் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒருவர், மரம் வெட்டும் கம்பெனிக்குச் சொந்தமான காட்டை ஒட்டி வீடு வாங்கினார். பல வருடமாக எல்லோரும் ஓட்டிய தடம், கேட்க ஆளில்லை. நிலம் கைமாறியது, புது முதலாளி கேட் போட்டார். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தத் தடம் தெரிகிறது. இதை நான் சொல்லும்போதும் "அது அவர் நேரம்" என்றார்கள். எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று அவர் கேட்காமல் விட்டதற்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

"அண்ணா, ஓட்டத்தானே போறோம், கேஸ் நடத்தவா போறோம்?" என்று கேட்பீர்கள். ஓட்ட வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன். வேலை, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவமனை எல்லாம் முதலில் பார்க்க வேண்டாமா என்றால், பார்க்கத்தான் வேண்டும், அதை மறுக்க நான் யார்? ஆனால் வண்டிக்காக ஊர் மாற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவனுக்கு, வண்டியைப் பற்றி முழுசாகப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முழுசாக என்றால் வண்டிக்கான சட்டமும் சேர்த்துத்தான். ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் வண்டியை சஸ்பென்ஷனால் 50 மில்லிமீட்டர், டயரால் 25 மில்லிமீட்டர், மொத்தம் 75 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் பொறியாளர் சான்று வேண்டும். ஜெர்மனியில் பெரிய மாற்றங்கள் வண்டிக் காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனையில் அது தெரிந்துவிடும். 37 அங்குல டயரும் 4 அங்குல லிஃப்ட்டும் போட்ட வண்டியோடு அங்கே போய் இறங்கினால், தடத்தைப் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரலாம்.

அடுத்தது துரு. இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடும் ஊரா என்று கேளுங்கள். மெக்னீசியம் குளோரைடு போடும் ஊர் என்றால் இன்னும் கவனம், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பில் ஒட்டியே இருக்கும். நம் வண்டிக்குத் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. வண்டியைத் தாங்கும் அடிக்கூடான பெட்டி வடிவ சேசிஸுக்குள் சேறு புகுந்து வடிகால் துளைகளை அடைத்துவிடும். உப்புச்சேறு உள்ளேயே ஊறி, சுவர் உள்ளிருந்து மெலியும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று வந்தால் நல்லது, மொத்தென்று வந்தால் உள்ளே போய்விட்டது. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு துளைகளைக் குத்தித் திறந்து உள்ளே நல்ல தண்ணீர் அடியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வருடத்துக்கு ஒருமுறை உட்குழிக்கான மெழுகோ, ஆட்டுக் கம்பளிக் கொழுப்பான லானோலினோ அடியுங்கள். கெட்டியான ரப்பர் கோட்டிங் மட்டும் வேண்டாம். அது விரிசல் விட்டால் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். பிரேக் பைப்பையும் மறக்காதீர்கள். இறக்கத்தில் அது வெடித்தால் பேச ஆள் இருக்காது.

பருவமும் உண்டு. கொலராடோவின் சான் யுவான் மலையில் உயரமான கணவாய்கள் பனி உருகித் திறப்பது கோடையில், மூடுவது இலையுதிர் காலத்தில். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனப் பூங்கா வெயிலுக்காக டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியிருக்கும். தடத்தின் நீளத்தைப் பார்க்காதீர்கள், வருடத்தில் எத்தனை வாரம் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 3,000 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் கால் பங்குக்கு மேல் பலம் இழக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். தூரம் பற்றி ஒரே வரி: சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தால் நண்பர் டிரெய்லரோடு வந்து அன்றிரவே வீட்டுக்கு இழுத்து வரும் தூரத்தில் இருங்கள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் சொல்லிவிடுகிறேன். தடங்கள் ஏன் மூடுகின்றன? ஈரமண்ணில் இறங்கி வட்டமடித்து, சேற்றைப் பறக்கவிட்டுப் படம் போடுகிறவர்களால். அந்தப் படங்கள் மூடும் வழக்குகளில் ஆதாரமாகப் போகின்றன. கேட்டால் "ரெண்டு டயர் அச்சுதானே" என்பார்கள். அந்த அச்சில் அடுத்த மழை ஓடும், ஓடை போல் அரிக்கும், அதைத் தாண்ட அடுத்த வண்டி பக்கத்தில் இறங்கும், தடம் இரண்டு மடங்கு அகலமாகும். தடம் சீரமைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்க ஆள் வருவதில்லை. கருத்துக் கேட்பு நடக்கும்போது ஒரு கடிதம் எழுத ஆள் இல்லை. சட்டம் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்க மட்டும் மேசை நிறைய ஆள் இருக்கிறது. அதுதான் வலிக்கிறது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ சொன்ன மூன்று ஊர்களில் எதற்குப் போனாலும் முதல் பன்னிரண்டு மாதம் வாடகைக்கு இரு. பார்க்கிங் கூரையின் உயரத்தை டேப் வைத்து அள, ரூஃப் ரேக்கோடு உன் வண்டி 2.2 மீட்டர் தாண்டும். போன முதல் மாதமே தடம் சீரமைக்கும் குழு எது என்று விசாரித்து அவர்களோடு ஒரு நாள் வேலை செய். எந்தத் தடம் அடுத்து மூடப்போகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மூன்று ஊர்களின் வரைபடத்தையும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்ப்போம்.