‘பொய்யா இருந்தா என்ன, மனசைத் தொட்டுச்சுல்ல?’

இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாராவது ஒரு தன்வரலாற்று நூலைக் கண்கலங்கப் புகழ்வார்கள். “அது முழுப் புளுகுங்க, எழுதினவரே ஒப்புக்கிட்டார்” என்று சொன்னால், புளுகியவர் மேல் வர வேண்டிய கோபம் என் மேல் வரும். நான் ஈரமில்லாத ஆள், எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற ஆள் ஆகிவிடுவேன். கடைசியில் அந்த வரியும் வரும்: பொய்யா இருந்தா என்ன, மனசைத் தொட்டுச்சுல்ல?

எது தொட்டது என்று கொஞ்சம் பார்ப்போமா? 1997இல் அமெரிக்காவில் மிஷா டெஃபோன்சேகா என்பவரின் தன்வரலாறு வெளிவந்தது. நாஜிகள் பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போக, பெல்ஜியத்திலிருந்து யூதச் சிறுமி ஒருத்தி அவர்களைத் தேடி நடக்கிறாள். கொஞ்சநஞ்ச தூரமில்லை, சுமார் 3,000 கிலோமீட்டர். வழியில் ஓநாய்க் கூட்டம் அவளைத் தன் குட்டி போல் காக்கிறது. யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் நுழைகிறாள், வெளியேயும் வந்துவிடுகிறாள். ஒரு ஜெர்மன் சிப்பாயைக் கத்தியால் குத்திக் கொல்கிறாள். இந்தப் புத்தகம் 18 மொழிகளுக்குப் போனது. 2007இல் பிரெஞ்சுப் படமாகவும் வந்தது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். இங்கே கேட்டவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

2008 பிப்ரவரியில் உண்மை வெளியே வந்தது. அவருடைய இயற்பெயர் மோனிக் டி வால். யூதரே இல்லை, கத்தோலிக்கக் குடும்பம். ஓநாய்களோடு திரிந்ததாக அவர் சொன்ன காலத்தில் பெல்ஜியத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பதிவு இருக்கிறது. பெற்றோரை நாஜிகள் கைது செய்தது மட்டும் நிஜம். ஒப்புக்கொண்டபோது அவர் சொன்னது, இது நடந்த நிஜம் அல்ல, ஆனால் என்னுடைய நிஜம் என்பது. ஆளுக்கொரு நிஜம் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான்கூட நிலாவுக்குப் போய்வந்தவன்தான்.

யாரும் சந்தேகப்படவில்லை என்று நினைக்காதீர்கள். யூத இனப்படுகொலை வரலாற்றை ஆய்ந்த பேராசிரியர்கள் புத்தகம் அச்சேறுவதற்கு முன்பே பதிப்பாளரை எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. பின்னாளில் எழுதியவரும் பதிப்பாளரும் பணத்துக்காக நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். 2014இல்தான் 2.25 கோடி டாலரைப் பதிப்பாளருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுத்தாளருக்கு உத்தரவு வந்தது. எச்சரித்தபோது காது கேட்காத ஆளுக்குத்தான் நஷ்ட ஈடு!

சந்தேகப்படுகிறவன் கெட்டவன் ஆவது தனிக் கொடுமை. 1995இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்பவர், சின்னக் குழந்தையாக மைதானெக், ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம்களில் கிடந்ததாக எழுதினார். விருதுகள் குவிந்தன. 1998இல் டேனியல் கான்ஸ்ஃப்ரீட் என்ற எழுத்தாளர் விசாரித்து, இவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த புரூனோ என்று எழுதியபோது, பாதிக்கப்பட்டவரைத் துன்புறுத்துகிறார் என்று அவர் மீதே பாய்ந்தார்கள். இத்தனைக்கும் கான்ஸ்ஃப்ரீட்டின் அப்பா நிஜமாகவே ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பியவர்.

இதில் இன்னொரு கூத்து. லாரா கிராபோவ்ஸ்கி என்ற பெண், “முகாமில் வில்கோமிர்ஸ்கியை எனக்குத் தெரியும்” என்று சாட்சி சொன்னார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஒரே மேடையில் இசைகூட வாசித்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண்ணும் போலி! வேறொரு புனைபெயரில், சாத்தான் வழிபாட்டுக் கும்பலிடம் சிக்கிச் சீரழிந்ததாக ஏற்கெனவே ஒரு புளுகுத் தன்வரலாறு எழுதியவர். இதை நாவலில் எழுதினால் எந்த ஆசிரியரும் ‘நம்பும்படி இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அமெரிக்கர் ஜேம்ஸ் ஃப்ரே விஷயத்துக்கு வருகிறேன். போதைக்கு அடிமையாகி மீண்ட கதை. பிரபல தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே 2005இல் தன் நிகழ்ச்சியில் தூக்கிப்பிடிக்க, லட்சக்கணக்கில் விற்றது. 2006 ஜனவரியில் ஓர் இணையதளம் காவல்துறைப் பதிவுகளைத் தோண்டியது. மாதக்கணக்கில் சிறையில் இருந்ததாகச் சொன்னவர் காவல் நிலையத்தில் இருந்தது சில மணி நேரம்! உடனே ஓப்ரா என்ன செய்தார்? தொலைக்காட்சி நேரலைக்குத் தொலைபேசியில் வந்து, புத்தகம் சொல்லும் மீட்சி தன்னை இன்னும் தொடுகிறது என்று வக்காலத்து வாங்கினார். நம்மூர் வசனமேதான்! ஊர் சிரித்த பிறகே, இரண்டு வாரம் கழித்து ஃப்ரேயைக் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சினார். பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டது. உண்மை தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று உறுதிமொழி எழுதி, புத்தகத்தின் ஒரு பக்கத்தையோ அட்டையையோ கிழித்து அனுப்ப வேண்டும். லட்சக்கணக்கான வாசகர்களில் அப்படிக் கேட்டவர்கள் 1,700 சொச்சம் பேர்.

அதே ஃப்ரே, இதை முதலில் நாவலாக விற்கப் பார்த்ததாக அவரே சொன்னார். போணியாகவில்லை. கருத்துதான் முக்கியம், உண்மையா பொய்யா என்பது முக்கியமில்லை என்கிறீர்களே, நாவலாகவே அதை வாங்கியிருக்க வேண்டியதுதானே? ‘இது நடந்தது’ என்ற முத்திரைக்குத்தானே காசு கொடுத்தீர்கள், அழுதீர்கள்? முத்திரை போலி என்று தெரிந்ததும் முத்திரையே எனக்கு வேண்டாம் என்றால் யாரை ஏமாற்றுகிறீர்கள்?

“யாருக்கு என்ன நஷ்டம்” என்று ஆரம்பிப்பார்கள். நோர்மா கூரி என்பவர், ஜோர்டானில் தன் தோழி கௌரவக் கொலைக்குப் பலியானதாக எழுதிய புத்தகம் 2003இல் வந்து சக்கைப்போடு போட்டது. ஜோர்டானுக்கும் குவைத்துக்கும் பொது எல்லை இருப்பதாகக்கூட அதில் வருகிறது. வரைபடத்தைத் திறந்து பார்க்கக்கூட ஆளில்லை. சிட்னி நாளிதழ் ஒன்று 2004இல் அம்பலப்படுத்தியது. அம்மணி வளர்ந்தது சிகாகோவில். ஜோர்டானில் கௌரவக் கொலை நிஜம். அதை எதிர்த்து அங்கேயே இருந்து மிரட்டல்களுக்கு நடுவே எழுதிவந்தவர் ரானா ஹுசைனி என்ற பத்திரிகையாளர். புத்தகத்தின் பிழைகளைப் பட்டியல் போட்டுக் கத்தியதும் அந்த ஊர்ப் பெண்கள்தான். நிஜத்தில் அடி வாங்குகிறவர்களை அடுத்த முறை, “இதுவும் கட்டுக்கதையாக இருக்குமோ” என்று கேட்பார்களே, அந்த நஷ்டம் யார் கணக்கில்?

எனக்கு ஆகவே ஆகாதது ஹெர்மன் ரோசன்பிளாட் கதை. மனுஷன் நிஜமாகவே நாஜி முகாமில் சிறுவனாகக் கிடந்து பிழைத்தவர். அது போதவில்லை. முகாம் வேலிக்கு வெளியிலிருந்து ஒரு சிறுமி தினமும் ஆப்பிள் வீசியதாகவும், பல வருஷம் கழித்து அமெரிக்காவில் அவளையே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டதாகவும் சேர்த்துக்கொண்டார். ஓப்ரா இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார், ஊரே உருகியது. அப்படி ஒரு வேலியை யாரும் நெருங்கியிருக்கவே முடியாது என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொன்ன பிறகு, 2008 கடைசியில், வெளிவரவிருந்த அவருடைய புத்தகம் கைவிடப்பட்டது. பசியும் சாவும் மட்டும் இருந்தால் கேட்க ஆளில்லை, ஆப்பிளும் கல்யாணமும் வேண்டும் என்று அந்தக் கிழவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மனசைத் தொட்டுச்சுல்ல என்று கேட்கிற நீங்கள்தான்.