குடமுழுக்கு என்பது ஒப்படைப்பு

தை பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் கும்பாபிஷேக அழைப்பிதழ் வராத வீடு இருக்காது. ஊர் மாரியம்மன், கூட்டத்தாரின் குலதெய்வக் கோயில், காட்டுக்குள் இருக்கும் கருப்பராயன் என்று ஒவ்வொன்றாகத் திருப்பணி முடிந்து நிற்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அந்த அழைப்பிதழ்களில் உபயதாரர் பெயர்களுக்கும் சிறப்பு விருந்தினர்களுக்கும் கிடைக்கும் இடத்தில் கால்பங்குகூட, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஒரு பொருளைப் புனிதமாக்குவது என்றால் அதற்கு அழகு சேர்ப்பது என்று பொருளன்று. அது இனி நம்முடையது அன்று என்று ஊரறியச் சொல்லி ஒப்படைப்பதே அதன் பொருள் என்று நான் கருதுகிறேன். உடுமலைப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொங்கல் நாளில் பிறக்கும் காளைக்கன்றைச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் சாமிக்கென்று நேர்ந்து சலகெருதாக, அதாவது கோயில் காளையாக, விட்டுவிட்டால், அதன் கழுத்தில் யாரும் ஏர் பூட்டுவதில்லை. தீனி போடும் கடமை மட்டும் நம்மிடம் இருக்கிறது. அதனிடம் வேலை வாங்கும் உரிமை போய்விடுகிறது.

ஈரோட்டிலும் கரூரிலும் மாரியம்மன் திருவிழாவில் நடப்படும் கம்பமும் அப்படித்தான். முக்கிளையாகப் பிரிந்த ஒரு மரம், பட்டை உரித்து மஞ்சள் பூசி வேப்பிலை கட்டி அம்மனுக்கு எதிரே நட்டதும் மரம் என்ற பெயரை இழந்துவிடுகிறது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். விழா முடிந்ததும் அதைப் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோய் நீரில் விடுகிறோமே தவிர, யாரும் விறகாக்க நினைப்பதில்லை.

கோயில் குடமுழுக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் முதற்பகுதியான பாலாலயம். திருப்பணி தொடங்கும் முன் மூலவரின் ஆற்றலைக் கும்பத்துக்கு இறக்கி, அங்கிருந்து ஒரு மரப்பலகைக்கோ சிறு படிமத்துக்கோ மாற்றி, வேறோர் இடத்தில் வைத்து வழிபடுகிறார்கள். அதன் பிறகுதான் கருவறைக்குள் உளியும் சாந்துச் சட்டியும் நுழையலாம். நேற்றுவரை தொட அஞ்சிய கல்லில் இன்று கொத்தனார் கை வைக்கிறார் என்றால், புனிதம் என்பது கல்லோடு ஒட்டிப் பிறந்தது அன்று, முறையாக எழுந்தருளச் செய்வது என்பதை நம் முன்னோர் எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது. யாகசாலையில் வேள்வி முடிந்து கடம் புறப்பட்டு, அந்தக் குடத்து நீர் கோபுரக் கலசத்திலும் மூலவர் மீதும் விழும்போது அந்தக் கல் திரும்பவும் ஒப்படைக்கப்படுகிறது.

இதற்கிடையே ஓர் எளிய கைவேலையும் உண்டு. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து, மெழுகுபோல் இளகும் வரை விடாமல் இடித்து, சிலைக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தில் வைத்து அழுத்துகிறார்கள். இதுதான் அட்டபந்தனம். அபிஷேக நீர் சிலைக்கு அடியில் இறங்காமல் காப்பது இந்த மருந்துதான். நாளடைவில் இது வெடித்துவிடும் என்பதால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம். ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியிருக்க, திருப்பணி என்ற பெயரில் பழைய கற்சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடிப்பதும், கல்வெட்டின் மேல் எனாமல் பெயின்ட் பூசுவதும், எழுத்துள்ள படிக்கட்டை மறைத்து டைல்ஸ் ஒட்டுவதும் எந்த வகையில் ஒப்படைப்பாகும்? கொங்குச் சோழர் காலத்தில் ஒருவர் விளக்கெரிக்கக் கொடுத்த கொடையைச் சொல்லும் எழுத்தும் அந்தச் சாமிக்குக் கொடுக்கப்பட்டதே. அதை அழிக்க நன்கொடை கொடுத்தவருக்கும் திருப்பணிக் குழுவுக்கும் உரிமை கிடையாது.

குடமுழுக்கில் ஓதுவது வடமொழியிலா தமிழிலா என்ற வாதமும் இதோடு சேர்ந்ததுதான். 2025 பிப்ரவரியில் கோவை பேரூர் பட்டீசுவரர் கோயிலிலும் ஏப்ரலில் மருதமலை முருகன் கோயிலிலும் குடமுழுக்கு நடந்தபோது தமிழ் ஒலிக்க வேண்டும் என்று கேட்டவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். ஒப்படைப்பவர்கள் மக்கள் என்றால், என்ன சொல்லி ஒப்படைக்கிறோம் என்பது அவர்கள் காதுக்கும் எட்ட வேண்டும்.

குலதெய்வக் கோயில் திருப்பணியில் இருக்கும் உறவுகளிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். சுவரில் கை வைக்கும் முன், கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து படியெடுத்துவிடுங்கள். குடமுழுக்குக்குப் பின் 48 நாள் மண்டல பூசையில், முதல் நாள் கூட்டம் கலைந்ததும் பூசாரியை மட்டும் தனியே விட்டுவிடாமல், பங்காளிகள் முறைவைத்து நாளுக்கு ஒரு வீட்டாராவது போய் நில்லுங்கள்.