காட்டுச் சிற்றாந்தை அழிந்துவிடவில்லை

'1884-க்குப் பின் யாரும் காணாத இந்தியக் காட்டுச் சிற்றாந்தை அடியோடு அழிந்துவிட்டது' என்ற செய்தி, ஓர் ஆந்தையின் படத்துடன் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

1997 நவம்பரில் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் உள்ளிட்ட மூவர், மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா அருகே இப்பறவையை மீண்டும் கண்டறிந்தனர். பிரிட்டிஷ் படை அதிகாரியும் பறவை சேகரிப்பாளருமான ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் 1914-இல் குஜராத்தில் பிடித்ததாகச் சொன்ன பறவையின் பதப்படுத்திய உடல், உண்மையில் அருங்காட்சியகத்திலிருந்து திருடிப் பொய்ச்சீட்டு ஒட்டியது என்று ராஸ்முசென் அம்பலப்படுத்தியிருந்ததால், தேடல் அந்தப் பொய்யான இடத்தை விட்டு, நம்பகமான பழைய பதிவுகள் உள்ள இடங்களுக்குத் திரும்பியது. பின்னர் மகாராஷ்டிரத்தின் மேல்காட் புலிகள் காப்பகத்திலும் மத்தியப் பிரதேச, குஜராத் காடுகளிலும் இது பதிவாகியுள்ளது. 2018 முதல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) செம்பட்டியலில் 'அருகிவரும் இனம்' என்றே உள்ளது. அப்பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம்.

படத்தில் இருப்பதோ, உச்சந்தலை நிறைய வெண்புள்ளிகள் கொண்ட, ஊர்ப்புறங்களில் சாதாரணமாகக் காணப்படும் புள்ளி ஆந்தை. காட்டுச் சிற்றாந்தையின் தலையில் புள்ளிகள் மிகக் குறைவு. பகலிலேயே மொட்டைக் கிளையில் அமர்ந்து வேட்டையாடும்.

அழிந்துவிட்டது என்று நம்பினால், இப்பறவை வாழும் தேக்குக்காடுகள் வெட்டப்படுவதைத் தட்டிக் கேட்க ஆளிருக்காது. அச்செய்தியைத் தயவுசெய்து பகிர வேண்டாம்.