அந்தப் பிள்ளையைப் பார்த்து எதற்குச் சிரித்தீர்கள்?

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கவில்லை. நம் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் கைப்பேசியில் அந்த வீடியோ வந்துவிட்டது. ஆறாம் ஆண்டு படிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, மேடையில் ஆங்கிலத்தில் பேசினாள். 'ஐ ஆம் வெரி எக்ஸைட்டிங்' என்றாள். 'யெஸ்டர்டே மை ஃபாதர் பிரிங் மீ' என்றாள். 'மோர் பெட்டர்' என்றாள். விருந்தினர் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கித் திருத்தினார், மண்டபமே சிரித்தது. அவள் மீதியைப் பேசாமல் இறங்கிப் போய்விட்டாள். அன்றிரவே நம் ஆட்களே அதைச் சிரிப்புப் பொம்மைகளோடு பகிர்கிறார்கள்.

தப்பைத் திருத்துங்கள். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்த மனசு வரவில்லை.

டியூஷனில் நான் வருஷக்கணக்கில் பார்க்கிற தப்புகள்தான் அந்த மூன்றும். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. தமிழில் படமும் போரடிக்கும், எனக்கும் போரடிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் படம் 'போரிங்', நான் 'போர்ட்' என்று பிரித்தாக வேண்டும். 'எக்ஸைட்டிங்', 'எக்ஸைட்டட்' கதையும் அதேதான். அப்படிப் பிரித்துப் பேசுகிற பழக்கம் பிள்ளையின் வாயில் எங்கே இருக்கிறது? மலாயில் 'செமாலாம் சயா பெர்கி', 'ஏசோக் சயா பெர்கி'. நேற்றானாலும் நாளையானாலும் வினைச்சொல் அப்படியே நிற்கும். அதைப் பேசிப் பழகிய வாயில் 'யெஸ்டர்டே' சொன்ன பிறகு 'பிராட்' வர நாளாகும். தமிழில் 'அதைவிட நல்லது', மலாயில் 'லெபே பாய்க்', இரண்டிலும் 'நல்ல' மாறுவதில்லை. ஆங்கிலம் மட்டும் 'குட்'டைத் தூக்கிப் போட்டுவிட்டு 'பெட்டர்' என்கிறது. அதோடு ஒரு 'மோர்' சேர்த்தது அவளுக்குத் தெரிந்த இரண்டு மொழிகளின் கணக்குப்படி சரி. சொல்லப்போனால், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் 'மோர் பெட்டர்' என்பது சாதாரணமாகப் புழங்கியது. இன்றைக்கு அது தப்புதான், மறுக்கவில்லை.

ஆங்கிலேயப் பிள்ளைகளே சின்ன வயதில் 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோ'வோடு 'ட்' சேர்த்து 'கோட்' என்பார்கள். 1958-இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இல்லாத சொற்களை உருவாக்கிச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார். 'க்ளிங்' என்ற பொய்ச் சொல்லுக்கு இறந்தகாலம் சொல்லச் சொன்னபோது, பெரும்பாலான பிள்ளைகள் 'க்ளிங்ட்' என்றார்கள். அதாவது விதி அவர்கள் மண்டைக்குள் ஏறிவிட்டது, விதிவிலக்குகள் இன்னும் ஏறவில்லை. ஆங்கிலத்தில் அப்படி விதிக்கு அடங்காத வினைகள் சுமார் 200 இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். பேசிப் பேசித்தான் பழக வேண்டும். பேசினால் சிரிப்பீர்கள் என்றால் எங்கே போய்ப் பழகுவாள்?

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். நாங்கள் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர்கள். தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளிக்கு முன் மலாய் பழகுவதற்கான புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத்தான் அண்ணன் படிவம் ஒன்றுக்குப் போனார். ஒரு கட்டுரையில் 'டாட்' என்பதற்குப் பதில் 'மை டீச்சர் டீச்ட் மீ' என்று எழுதிவிட்டார். ஆங்கில ஆசிரியை அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார், எஸ்டேட் பையன்கள் இங்கிலீஷ் இப்படித்தான் என்றார். அதற்குப் பிறகு பள்ளியை விட்டு வெளியே வரும்வரை அண்ணனுக்கு 'டீச்ட்' என்றே பெயர். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம்மில் ஆங்கிலத் தாளில் பாதிக்கு மேல் எழுதவில்லை. இன்றைக்கு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். எந்தப் பம்ப்பையும் கழற்றி மாட்டுவார். ஆனால் ஆங்கிலத்தில் பூர்த்தி செய்ய ஒரு பாரம் வந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார். பெயரும் முகவரியும் மட்டும் கேட்கிற பாரத்தைக்கூட. வாசிக்கத் தெரியும் அவருக்கு, எழுதவும் தெரியும். பேனாவை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும். அந்த ஆசிரியைக்கு இது ஞாபகம்கூட இருக்காது.

"மேடை ஏறினால் தயாராகி ஏற வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, நியாயம். பள்ளியில் யாராவது முன்னாடியே கேட்டிருக்கலாம். ஆனால் அவள் தாளைப் பார்த்து வாசிக்கவில்லை, சொந்தமாகப் பேசினாள். அதை ஒருவர்கூடப் பாராட்டவில்லையே.

"அப்போ தப்பையே ஆதரிக்கிறீர்களா?" இல்லை. என்னிடம் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், சிவப்பு மை எவ்வளவு செலவாகிறது என்று. காலங்களைக் கறாராகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். 'வந்திருக்கிறேன்' என்பது உனக்கு ஏற்கெனவே தெரியும், அதுதான் 'ஐ ஹேவ் கம்', ஆனால் அதோடு 'யெஸ்டர்டே' சேராது என்று தமிழை வைத்தே விளக்குகிறேன். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபடுகிறது. 'கோ, வென்ட், கான்' என்று அட்டவணையை மனப்பாடம் பண்ண வைத்து ரோத்தான் பிரம்பைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக, "தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் இப்படித்தான்" என்று எழுதியவர்களுக்கு. இதைப் படித்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் போனது. மலாய்ப் பள்ளியிலிருந்து என்னிடம் வருகிற பிள்ளைகளும் இதே 'மோர் பெட்டர்' எழுதுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் அந்தப் பள்ளியை மூடச் சொல்வதில்லை. 2003-இல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள். 2009-இல் வேண்டாம் என்று அறிவித்து 2012-இல் பழையபடி மாற்றினார்கள். அதற்கப்புறம் அதே பாடங்களைச் சில பள்ளிகளில் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம் வந்தது, புதுப் பாடநூல் வந்தது, 2021-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆரையே எடுத்துவிட்டார்கள். இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஏழு வயதில் மூன்று மொழிகளை, மூன்று இலக்கணங்களை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வருகிறாள். சிரித்தவர்களில் எத்தனை பேர் மூன்று மொழியில் மேடையில் பேசுவீர்கள்? அந்த விருந்தினர் தமிழில் நாலு வரி எழுதினால் நான் திருத்தித் தரத் தயார். சிரிக்க மாட்டேன்.

எங்கள் அம்மா ரப்பர் மரம் சீவப் பழகியபோது பட்டையைக் காயப்படுத்தாமல் பழகவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பக்கத்தில் நின்று, கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாராம். நிரையில் இருந்தவர்கள் கூடி நின்று சிரித்திருந்தால் அம்மா மறுநாள் வேலைக்கே போயிருக்க மாட்டார்.

"ஒரு சின்னச் சிரிப்புக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஆமாம், இவ்வளவு பெரிய பதிவுதான். பன்னிரண்டு வயதில் மைக்கைப் பிடுங்கினால் அது சின்ன விஷயமில்லை. என் வீட்டில் அதற்குச் சாட்சி இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா இதைப் படித்தால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். அடுத்த மாதம் பேச்சுப் போட்டி இருக்கிறதாம், அவள் பெயரை எடுத்துவிடாதீர்கள். மாலையில் அனுப்புங்கள், காசு வேண்டாம். 'பிராட்' எப்போது, 'பிரிங்' எப்போது என்று நான் சொல்லித் தருகிறேன்.